'தி லிட்டில் ஸ்ட்ரேஞ்சர்' நாவலுக்கு நிறை குறை எழுதுவது எப்படி?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வேலைக்குப் போய்க்கொண்டே தொலைநிலைக் கல்வியில் ஆங்கில இலக்கியம் படிக்கிற தம்பி தங்கைகள் சிலர் கோதிக் நாவல் (பழைய மாளிகை, பேய், மர்மம் என்று அச்சமூட்டுகிற கதைவகை) தாளைப் பற்றிக் கேட்டார்கள், அவர்களுக்காக இது. நான் பரீட்சைக்கு எடுத்துக்கொண்டது சாரா வாட்டர்ஸின் 'தி லிட்டில் ஸ்ட்ரேஞ்சர்'. 2009-இல் வந்தது, அந்த வருடமே புக்கர் இறுதிப் பட்டியலிலும் இடம் பிடித்தது. முடிவைத் தொடாமல் இதைப் பற்றிப் பேச முடியாது, படிக்காதவர்கள் முதலில் படித்துவிடுங்கள்.

'நிறை குறைகளை மதிப்பிடுக' என்று பார்த்ததும் பலர் நாலு நிறை, நாலு குறை என்று அடுக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். அப்படி எழுதினால் அது வெறும் பட்டியல், வாதம் ஆகாது. இந்த நாவலில் நிறையும் குறையும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன, கதை சொல்லும் டாக்டர் ஃபாரடேயிடமிருந்து. அதைப் பிடித்துக்கொண்டால் கட்டுரை தானாக நகரும்.

இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு இங்கிலாந்தில், வாரிக்‌ஷயரில், இடிந்துகொண்டிருக்கிற ஹண்ட்ரட்ஸ் ஹால் என்ற மாளிகையில் கதை நடக்கிறது. அங்கே இருப்பவர்கள் திருமதி ஏயர்ஸ், அவர் மகன் ரோடரிக், மகள் கரோலின்; பேயின் வேலையோ என்று எண்ண வைக்கிற விபரீதங்கள் அந்த வீட்டில் ஒவ்வொன்றாக நடக்கின்றன. ஃபாரடேயின் அம்மா ஒரு காலத்தில் அங்கே வேலைக்காரி. சிறுவயதில் அம்மாவோடு அங்கே போனவர் சுவர் அலங்காரத்திலிருந்து ஓக் மரக் கொட்டை வடிவத்தில் இருந்த ஒரு சின்னப் பிளாஸ்டர் துண்டைப் பெயர்த்து எடுத்துக்கொள்கிறார். வீட்டின் மீது இருக்கிற ஆசையில் அந்த வீட்டையே சேதப்படுத்துகிற பிள்ளை! முழு நாவலும் இந்த ஒரு செய்கைக்குள் இருக்கிறது என்பது என் கருத்து, அதனால் கட்டுரையை இங்கேதான் தொடங்கச் சொல்வேன்.

படிக்கும்போது ஒரு நோட்டில் மூன்று நெடுவரிசை போட்டுக்கொள்ளுங்கள்: என்ன நடந்தது, யார் பார்த்தது, அப்போது ஃபாரடே எங்கே. நாய் குழந்தையைக் கடித்தது, ரோடரிக் அறையில் தீப்பிடித்தது, திருமதி ஏயர்ஸுக்கு மாடியில் நேர்ந்தது, கரோலின் மாடிப்படியின் மேலிருந்து விழுந்து செத்தது என்று வரிசையாக எழுதிப் பாருங்கள். பெரும்பாலும் அவர் அந்த இடத்தில் இருப்பதில்லை, இருந்தாலும் கண் வேறு பக்கம். கரோலின் சாகிற இரவில் காரில் தூங்கிக் கனவில் அந்த வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார் என்று அவரே சொல்கிறார். விசாரணையில் வேலைக்காரப் பெண் பெட்டி, கரோலின் சாவதற்கு முன் 'நீயா!' என்று, தெரிந்த யாரையோ பார்த்த மாதிரி கத்தினாள் என்கிறாள். பேய் என்று ஒன்று இருந்தால் அது யாருடைய ஆசை என்று வாசகர் மெல்ல மெல்லச் சந்தேகப்படுவதுதான் இந்த நாவலின் பெரிய பலம்.

அதே காரணத்தால்தான் இது தளர்கிறது. எல்லாம் பிறர் வாய் வழியாக வருவதால் பயம் ஆறிப்போய்த்தான் நம்மிடம் வந்து சேர்கிறது. ஏதோ நடக்கும், டாக்டர் வருவார், நரம்புத் தளர்ச்சி என்பார், மருந்து கொடுப்பார், அடுத்த அத்தியாயத்தில் மறுபடியும் அதே சுற்று. நடுப்பகுதி ரொம்பவே நீளம். கரோலினைக் கல்யாணம் செய்துகொள்ளத் துடிக்கிற பக்கங்களும் இழுக்கின்றன, ஆனால் அவர் விரும்புவது அவளையா வீட்டையா என்ற கேள்வி அங்கேதான் கூர்மையாகிறது, அதனால் குறை சொல்லும்போது இதையும் சேர்த்து எழுதுங்கள். 1948-இல் இலவச மருத்துவத் திட்டம் வரப்போகிறதே என்று டாக்டர்கள் பதறுவதை ஒரு வரியில் தொட்டால் போதும்.

எனக்கு உண்மையில் மனம் ஆறாத குறை பெட்டிதான். பதினாலு வயதுப் பெண், இந்த வீட்டில் ஏதோ சரியில்லை என்று ஆரம்பத்திலேயே சொல்கிறாள், ஆனால் அவள் பேச்சுக்கு நாவல் கொடுக்கிற இடம் ரொம்பக் கொஞ்சம். 1860-இலிருந்து மதராஸ் கப்பல்களில் வந்து இறங்கி, டர்பன் இருக்கிற நேட்டாலின் கரும்புத் தோட்டத்துப் பெரிய வீடுகளிலும் சமைத்துத் துடைத்தவர்களின் வழியில் வந்தவர்கள் நாம், அந்தச் சமையற்கட்டிலிருந்து பார்த்தால் இந்த மாளிகை எப்படித் தெரியும் என்று நமக்குக் கேட்கத் தோன்றும். கேளுங்கள். ஆனால் குடும்பக் கதையாக எழுதாமல், பெட்டி பேசுகிற இரண்டு இடத்தைப் பிரதியிலிருந்து எடுத்துக் காட்டி, அங்கே ஃபாரடே அவளை எப்படி அடக்குகிறார் என்று எழுதுங்கள். கடைசிப் பத்திக்கு இதை வைத்துக்கொள்வது நல்லது, அதற்குக் கொஞ்சம் நேரத்தையும் ஒதுக்கிவிடுங்கள்.