கேடயத்தை ஜூன் மாதத்துக்கு நகர்த்துவோம்

மஸ்கட்டிலோ துபாயிலோ நம் குமரி மாவட்டப் பள்ளியின் பழைய மாணவர்கள் நாலு பேர் கூடினால் ஓட்டுக்கூரை வகுப்பறை வரும், ஜூன் மாதச் சாரல் வரும், ஜன்னல் கம்பியில் தொங்கிய ஈரக்குடை வரும். கணக்கு சாரின் பிரம்பும் வராமல் இருக்காது. பிளஸ் ஒன்னில் என்ன படித்தோம் என்று கேட்டுப் பாருங்கள், எல்லோரும் முழிப்போம். அதற்குக் காரணம் மறதி இல்லை. அந்த வருடம் பாதிக்கு மேல் நடத்தப்படவே இல்லை. நம் பழைய மாணவர் சங்கம் முதல் மார்க்குக்குக் கொடுக்கும் கேடயப் பணத்தைப் பிளஸ் ஒன் தொடங்கும் ஜூன் மாதத்துக்கு நகர்த்துவோம் என்று நான் சொல்வதும் அதனால்தான்.

1200க்கு எவ்வளவு என்பது ஒன்றே கேள்வியாக இருந்த காலம் அது. பிளஸ் டூ மார்க் மட்டுமே எண்ணப்பட்டது. பிளஸ் ஒன் தேர்வு பள்ளிக்குள் முடிந்துவிடும். ஆகவே காலாண்டு முடிந்ததும் பிளஸ் டூ புத்தகம் கைக்கு வந்தது. நாமக்கல், ராசிபுரம் ஹாஸ்டல் பள்ளிகள் இதைத் தொழிலாகவே செய்தன. நம் பக்கம் அரைகுறையாகச் செய்தோம். எந்தப் பாடத்தில் எத்தனை மார்க் வரும் என்று ப்ளூ பிரிண்ட் சொல்லிவிடும். பாடத்தின் பின்னால் இருக்கும் ஒரு மார்க் கேள்விகள் அப்படியே வரும். மார்க் வந்தது. பொறியியல் கல்லூரிக்குப் போன முதல் செமஸ்டரில் எம்-ஒன் கணக்கில் அரியரும் வந்தது. விழுங்கிய பிளஸ் ஒன்தான் அங்கே தொண்டையில் நின்றது.

2017-18இல் அரசு இதைப் பிடித்தது. பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு வந்தது, 1200 மார்க் 600 ஆனது. ரேங்க் பட்டியல் அதற்கு முந்தைய முடிவுகளோடு, 2017 மே மாதமே நின்றுபோயிருந்தது. அந்த முதல் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு ஆண்டில்தான் நமக்கு ஒக்கி புயல். 2017 நவம்பர் 30 அன்று ரப்பரும் வாழையும் சாய்ந்தன, கரண்ட் நாள்கணக்கில் இல்லை, தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை கரைகளில் அப்பாக்கள் திரும்பவில்லை. அரையாண்டுத் தேர்வு நெருங்கிய நேரம். அந்த பாட்ச் பிள்ளைகளின் மார்க்கை வேறு எந்த வருடத்தோடும் ஒப்பிட்டுப் பேசக் கூடாது.

2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை பிளஸ் ஒன் பொதுத்தேர்வை எடுத்துவிட்டது. பிள்ளைகளுக்குப் பாரம் குறையும் என்பது உண்மை. பழைய விழுங்கல் திரும்பி வரவும் அதே கதவுதான். அதுவும் நீட் கேள்விகளில் ஏறத்தாழப் பாதி பிளஸ் ஒன் பாடம் என்றிருக்கும்போது.

அழுத்தம் என்று பொதுவாகச் சொல்கிறோம். அது தொடங்கும் இடத்தைக் கையால் தொட்டுக் காட்டலாம்: பிளஸ் ஒன் ஜூன், ஜூலை. இயற்பியலின் இரண்டாம் பாடம் இயக்கவியல். அதில் முதல் வாரமே வெக்டர், புள்ளிப் பெருக்கல், குறுக்குப் பெருக்கல், வகையிடல், தொகையிடல் எல்லாம் வேண்டும். கணக்குப் புத்தகத்தில் இவை இரண்டாம் தொகுதியில் இருக்கின்றன. வரிசைப்படி நடத்தினால் அரையாண்டையொட்டித்தான் அங்கே போய்ச் சேரும். இயற்பியல் சார் 'இது கணக்கில் வரும்' என்பார், கணக்கு சார் 'அது அப்புறம்' என்பார். நடுவில் நிற்கிற பையன் தனக்கு மூளை இல்லை என்று முடிவு கட்டுவான். வேதியியலிலும் முதல் பாடமே மோல் கணக்கு. அது தவறினால் பிளஸ் டூவில் வேதிவினை வேகமும் மின்வேதியியலும் தவறும்.

பத்தாம் வகுப்பு வரை தமிழ் மீடியம், பிளஸ் ஒன்னில் ஆங்கில மீடியம் என்று தாவும் பிள்ளைகளுக்கு இதே இரண்டு மாதத்தில் இன்னொரு அடி. முடுக்கம் ஆக்சிலரேஷன் ஆகிறது, ஒளிவிலகல் ரிஃப்ராக்ஷன் ஆகிறது. தெரிந்த விஷயமே தெரியாததாகிவிடும். இதற்கு மருந்து எளிது: இரண்டு மீடியப் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்வது. பாடநூல் கழகப் புத்தகங்கள் இணையத்தில் இலவசம். ஒரு நோட்டில் இரண்டு பத்தி, பாடத்துக்கு முப்பது சொல், வாரம் ஒருமுறை மூடிவைத்துச் சோதிப்பது. செப்டம்பருக்குள் பயம் போய்விடும்.

பிறகு, இரண்டு தேர்வு இரண்டு திசையில் இழுக்கும் கதை. பிளஸ் டூ இயற்பியல் எழுத்துத் தேர்வு 70 மார்க், மூன்று மணி நேரம். ஒரு மார்க் 15, இரண்டு மார்க் 6, மூன்று மார்க் 6, ஐந்து மார்க் 5. தலா 1, 4, 8, 14 நிமிடம் என்று வைத்தால் 157 நிமிடம். சரிபார்க்க 23 மிஞ்சும். கெட்டிக்காரப் பிள்ளைகள் தோற்பது பெரும்பாலும் ஐந்து மார்க்கில் ஆறு பக்கம் எழுதி, மூன்று மார்க்கில் நேரமில்லாமல் போவதால்தான். ஒரு மார்க்கில் விடையோடு அதன் குறியீட்டு எழுத்தையும் எழுத வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் பூஜ்யம். ஏழாம் வகுப்பிலிருந்தே பழக்கியிருக்க வேண்டிய விஷயம், மார்ச் மாதம் சொல்கிறோம்.

நீட்டில் 180 கேள்வி, 180 நிமிடம், 720 மார்க். சரிக்கு 4, தப்புக்கு 1 கழியும். நாலு விடையில் கண்ணை மூடிக் குத்தினால் சராசரியாகக் கால் மார்க் கிடைக்கும். இரண்டைத் தள்ளிவிட்டுக் குத்தினால் ஒன்றரை. ஆகவே 'தெரியாததைத் தொடாதே' என்ற அறிவுரை பாதி சரி. எதைத் தள்ளுவது என்று தெரிய, பாடத்தைப் படித்திருக்க வேண்டும், அவ்வளவே. தமிழ் வினாத்தாள் வேண்டுமென்றால் விண்ணப்பிக்கும்போதே தேர்ந்தெடுக்க வேண்டும், மொழிபெயர்ப்பில் சந்தேகம் வந்தால் ஆங்கில வடிவமே செல்லும்.

கணக்கு-உயிரியல் குரூப் எடுத்தவனுக்கு இரண்டு பாரமும் தலையில். டாக்டர் கதவும் இன்ஜினியர் கதவும் திறந்திருக்கட்டும் என்பது வீட்டாரின் கணக்கு. காலை எட்டு மணிக்கு ஸ்பெஷல் கிளாஸ், மாலையில் ட்யூஷன், குலசேகரம், கடையாலுமூடு பக்கமென்றால் அதற்குமுன் பஸ். நாலரைக்கு எழுந்து பதினொன்றுக்குப் படுக்கிற பிள்ளைக்கு ஐந்தரை மணி நேரத் தூக்கம். படித்தது தூக்கத்தில்தான் பதியும். ரப்பர் பால்வெட்டுக்கு விடியுமுன் துணை போகிற பையனுக்கு அந்த ஐந்தரையும் கிடையாது. மூன்றாம் பீரியடில் தூங்குகிறான் என்று அவனை நிறுத்திவைக்கிறோம்.

நம் மாவட்டத்துக்கென்று தனியான குறை ஒன்று உண்டு. மருத்துவத்தில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020இல் வந்தது. அடுத்த ஆண்டு பொறியியல் போன்ற படிப்புகளுக்கும் நீண்டது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். இங்கே சபைகளும் மறைமாவட்டங்களும் நடத்தும் அரசு உதவிபெறும் பள்ளிகள் அதிகம். அதே சாதாரண வீட்டுப் பிள்ளை, அதே பாடநூல், ஆனாலும் ஒதுக்கீடு இல்லை. ஐந்தாம் வகுப்பு முடிந்து பள்ளி மாற்றும்போதே பெற்றோருக்கு இதைச் சொல்லிவிட வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் சொல்லிப் பயனில்லை.

இனி நம் சங்கத்துக்கு வருவோம். ஆண்டுதோறும் முதல் மார்க்குக்குக் கேடயமும் பணமுடிப்பும் கொடுக்கிறோம். ரேங்க்கை அரசே விட்டுவிட்டது, நாம் விடவில்லை. லீவில் ஊருக்குப் போனால் 'எவ்வளவுடே?' என்றுதான் முதலில் கேட்கிறோம். 600க்கு என்று தெரியாமல் 'ஆயிரம் தாண்டலியா?' என்றும் சிலர். முதல் மார்க் எடுப்பவனுக்கு நம் பணம் அவசியமில்லை. அதே தொகையில் ஓய்வுபெற்ற இரண்டு ஆசிரியர்களை ஜூன் முதல் இரண்டு வாரம் உட்காரவைக்கலாம். வெக்டர் மூன்று மணி நேரம், வகையிடல் நாலு, தொகையிடல் இரண்டு, மடக்கை ஒன்று. மோல் கணக்குக்குத் தனியாக மூன்று. பதின்மூன்று மணி நேரம் போதும்.

மிச்சப் பணம் மே மாதத்துக்கு. முடிவு வந்த அன்று எல்லோரும் முதல் மார்க் வீட்டுக்குப் போவார்கள். 35 எட்டாத பிள்ளை அறைக்குள் இருப்பான். அவனுக்குத் துணைத்தேர்வு உண்டு, அதில் தேறினால் அதே ஆண்டே கல்லூரி சேரலாம். விண்ணப்பிக்கக் கிடைப்பதோ சில நாட்கள். விடைத்தாள் நகல் கேட்காவிட்டால் மறுமதிப்பீடும் கேட்க முடியாது. வீட்டில் யாருக்கும் இது தெரிவதில்லை. பள்ளிக் கல்வித்துறையின் 14417, சுகாதாரத்துறையின் 104 ஆகிய உதவி எண்களை அன்று காலையே அந்த வீடுகளில் எழுதிக் கொடுக்கவும், மறுநாள் அவனைப் பள்ளிக்கு அழைத்துப்போய் விண்ணப்பம் பூர்த்தி செய்யவும் ஊரில் இருக்கும் நம் ஆட்கள் இரண்டு பேர், ஒரு பைக், நாலு நாள் வேண்டும்.