ஒரு மனுவும் விழாத பெட்டி

இராமநாதபுரம் கடற்கரையோரம் உள்ள ஒரு கலை அறிவியல் கல்லூரியில் வேதியியல் கற்பிக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் பாகுபாடு எதிர்ப்பு அலுவலர் என்ற பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தபோது, கூடவே ஒரு சாவியையும் கொடுத்தார்கள். முதல்வர் அறைக்கு எதிரே, உப்புக் காற்றில் துருவேறித் தொங்கிய தகரப் புகார்ப் பெட்டியின் சாவி அது. பெட்டிக்குள் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. பழைய ஆண்டறிக்கைகளில் ‘பெறப்பட்ட புகார்கள்: இல்லை’ என்றே எழுதப்பட்டிருந்தது. முதல் ஆண்டு நானும் மன நிறைவோடு அதையே எழுதிக் கையெழுத்திட்டேன்.

அந்த நிறைவு தவறானது என்பதை ஒரு மாணவியின் மூலமாகத்தான் உணர்ந்தேன். கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் மாதத்தில் அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வரும். நடந்துகொண்டிருக்கும் பாடத்தை நிறுத்திவிட்டு, “எஸ்.சி., எஸ்.டி. மாணவர்கள் எழுந்து நில்லுங்கள், பெயர் குறிக்க வேண்டும்” என்று ஆசிரியர் சொல்வார். நானும் பல ஆண்டுகள் அப்படிச் சொல்லியிருக்கிறேன். அன்று முதலாம் ஆண்டு வகுப்பில் எழுந்து நிற்க வேண்டிய ஒரு பெண் எழுந்திருக்கவில்லை. மாலையில் ஆய்வகத்துக்குத் தனியாக வந்து, “எனக்கு அந்தப் பணம் வேண்டாம், மேம்” என்றாள். வற்புறுத்திக் கேட்டபோது, அதுவரை தன்னோடு சாப்பாட்டைப் பகிர்ந்துகொண்டவர்கள் நாளையும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று மட்டும் சொன்னாள். அவளுடைய தாய் ஒரு கருவாட்டுக் கொட்டகையில் தினக்கூலி. உதவித்தொகை அந்த வீட்டுக்கு எவ்வளவு தேவை என்பது எனக்குத் தெரியும்.

அன்றிரவுதான் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2012ஆம் ஆண்டுச் சமத்துவ விதிமுறைகளை முழுமையாக வாசித்தேன். கல்லூரி ஒவ்வொன்றிலும் சம வாய்ப்பு மையமும் பாகுபாடு எதிர்ப்பு அலுவலரும் இருக்க வேண்டும், புகாரை 60 நாட்களுக்குள் முடிக்க வேண்டும் என்பதெல்லாம் நான் அறிந்தவைதான். ஆனால் எவையெல்லாம் பாகுபாடு என்று அதில் வரிசையாகச் சொல்லியிருப்பதை அதுவரை நான் ஊன்றிப் படித்ததில்லை. வகுப்பில் மாணவர்களின் சாதியையோ மதத்தையோ வாய்விட்டு அறிவிப்பது, இட ஒதுக்கீட்டில் வந்தவர் என்று முத்திரை குத்துவது, ஆய்வகத்துக்குள் அனுமதித்துவிட்டு வேலை செய்ய விடாமல் சும்மா நிற்க வைப்பது ஆகிய மூன்றும் அதில் இருந்தன. முதலிரண்டையும் நாங்கள் சுற்றறிக்கை போட்டே செய்துகொண்டிருந்தோம்.

மூன்றாவதைப் பார்க்க, மறுநாள் என் ஆய்வகத்திலேயே ஓரமாக நின்று கவனித்தேன். கரைசலின் செறிவை அளக்கும் டைட்ரேஷன் சோதனை நாள் அது. மேசைக்கு இரண்டு பேர் என்று மாணவிகள் தாங்களே சேர்ந்துகொள்வதுதான் எங்கள் வழக்கம். கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்த கடைசி மேசையில், யாரும் சேர்த்துக்கொள்ளாத இருவர் நின்றார்கள். ஒருத்தி உதவித்தொகையை வேண்டாம் என்ற பெண், மற்றவள் பாம்பன் பக்கத்து மீனவக் குடும்பத்துப் பெண். இவள் உள்ளே நுழையும்போது இரண்டு பேர் துப்பட்டாவால் மூக்கை மூடியதை நானே பார்த்தேன். வேறொரு மேசையில் ஒரு மாணவி அளவுகளை எழுதிக்கொண்டே இருந்தாள். இரண்டு மணி நேரத்தில் ஒருமுறைகூட பியூரெட் என்ற அளவுக் குழாயின் திருகு அவள் கைக்குப் போகவில்லை. அங்கே யாரும் யாரையும் ஏசவில்லை. புகாராக எழுதித் தருவதற்கு ஒரு சொல்லும் கிடைக்காத அந்த அமைதியைத்தான் நான் ‘இல்லை’ என்று அறிக்கையில் எழுதியிருந்தேன்.

மாற்றங்கள் சிறியவைதான். ஆய்வக இணைகளைப் பதிவெண் குலுக்கலில் தீர்மானித்து, மாதம் ஒருமுறை மாற்றினோம். பாதி நேரம் ஒருவர், மீதி நேரம் மற்றவர் பியூரெட்டைக் கையாள வேண்டும் என்றும் வைத்தோம். உதவித்தொகை அறிவிப்பு அவரவர் கைப்பேசிக்கே செல்கிறது. எல்லா வகை விண்ணப்பங்களையும் ஒரே சாளரத்தில் வாங்குகிறார்கள். வருகைப் பதிவேட்டில் பெயருக்கு அடுத்திருந்த சாதிப் பிரிவுக் கட்டத்தை எடுக்கத்தான் அதிகம் போராட வேண்டியிருந்தது. “நாம யாரும் சாதி பார்க்கிறதில்லையே, மேடம், கட்டம் இருந்தால் என்ன?” என்று மூத்த பேராசிரியர் ஒருவர் உண்மையான வருத்தத்தோடு கேட்டார். 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தை அவருக்கு நினைவூட்டினேன். மாதம் 1,000 ரூபாய் தரும் அந்தத் திட்டம், அரசுப் பள்ளியிலோ அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ 6 முதல் 12 வரை படித்தாயா என்றுதான் கேட்கிறது. அதற்குப் பெயர் கேட்டால் பிள்ளைகள் தயங்காமல் கை தூக்குகிறார்கள். கூச்சம் பணம் வாங்குவதில் இல்லை, எழுந்து நிற்கச் சொல்லும் விதத்தில் இருக்கிறது என்றேன். அவர் மறுமொழி சொல்லவில்லை. அடுத்த பருவத்துப் பதிவேட்டில் கட்டம் இல்லை.

இமானுவேல் சேகரன் நினைவு நாளான செப்டம்பர் 11க்கும் தேவர் ஜெயந்தி நாளான அக்டோபர் 30க்கும் இடைப்பட்ட வாரங்கள் இந்த மாவட்டத்தில் எப்படிப்பட்டவை என்பதை இங்குள்ளவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பரமக்குடிக்கும் பசும்பொன்னுக்கும் செல்லும் சாலைகளில் காவல் கூடும்போது, வகுப்பில் நண்பர்களாக அமர்ந்திருந்த பையன்களின் இருக்கைகளும் விலகும். அந்த வாரங்களில் நான் வகுப்பு வகுப்பாகப் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். அதற்கு மேல் ஒரு வழியும் எனக்கு இன்னும் புலப்படவில்லை.

பெட்டியை முதல்வர் அறை வாசலிலிருந்து கழற்றி நூலகத்தின் பின்பக்கம், யார் போடுகிறார்கள் என்று எவர் கண்ணிலும் படாத இடத்தில் மாட்டினோம். ஐதராபாத் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் ரோஹித் வேமுலா 2016இலும், மும்பையில் மேற்படிப்பு படித்த மருத்துவர் பாயல் தாட்வி 2019இலும் சாதிப் பாகுபாட்டுக் குற்றச்சாட்டுகளுக்கு நடுவே தற்கொலை செய்துகொண்டு இறந்த பிறகு, அவர்களுடைய தாய்மார்கள்தாம் இந்த விதிகளை நடைமுறைப்படுத்தக் கோரி உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். விதி இருந்தும் அவர்கள் அலைய நேர்ந்ததே என்ற எண்ணம் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் வருகிறது.

சென்ற ஆண்டறிக்கையில் ‘பெறப்பட்ட புகார்கள்: 4’ என்று எழுதினேன். கல்லூரியின் பெயர் கெட்டுவிடும், ‘ஆலோசனைகள்’ என்று மாற்றலாமா என்று கேட்டார்கள். மாற்றவில்லை. மூன்று புகார்கள் முடிந்துவிட்டன. நான்காவது ஒரு சக ஆசிரியர் வகுப்பில் பேசியதைப் பற்றியது. விசாரணையில் அவர் எதிரே நான் உட்கார வேண்டியிருந்தது. எழுதிய மாணவன் தன் பெயரைக் கடைசி வரியில் அழுத்தமாக, முழுமையாக எழுதியிருந்தான்.