49 சதுரங்கள்

மார்ச் 3, செவ்வாய்

போர்வைக்கு 49 சதுரங்கள் என்று முடிவாகிவிட்டது. ஒவ்வொன்றும் 15 செ.மீ.; ஏழுக்கு ஏழாக இணைத்தால் கரை இல்லாமலே 105 செ.மீ. வரும். தங்கைக்கு ஏப்ரல் கடைசியில் பிரசவத்துக்குத் தேதி குறித்திருக்கிறார்கள். இரட்டை ஊசிப் பின்னல் இப்போதைக்கு எனக்கு ஒத்துவராது. அதில் வரிசையின் அத்தனை கண்ணிகளும் ஊசியில் திறந்தே கிடக்கும். ஊசி உருவிக்கொண்டால் சரசரவென்று அவிழத் தொடங்கும். ஒற்றைக் கொக்கி ஊசியால் பின்னும் குரோஷாவில் அவிழக் காத்திருப்பது ஒரே ஒரு கண்ணிதான். அதில் ஓர் ஊக்கை மாட்டிவிட்டு எந்த நொடியிலும் எழுந்து போகலாம். அத்தை கூப்பிடும் நேரங்களுக்கு இதுதான் சரி.

மார்ச் 4, புதன்

அத்தையின் பரிசோதனை அறிக்கை வரவில்லை.

மார்ச் 6, வெள்ளி

நாளுக்கு ஒரு மணி நேரத்தை உங்களுக்கென்று ஒதுக்குங்கள் என்று கைவேலையைப் பற்றி எழுதுகிறவர்கள் ஓயாமல் சொல்கிறார்கள். நானும் ஒதுக்கிப் பார்த்தவள்தான். ஒதுக்கிய ஒரு மணி நேரம் கலையும்போது கலைத்தவர் மீது கோபம் வருகிறது. அந்தக் கோபம் இரவுச் சாப்பாடு வரை கூடவே வருகிறது. ஒதுக்காமல் கிடைத்த பத்து நிமிடம் கலைந்தால் எனக்கு ஒன்றும் தோன்றுவதில்லை. இன்று அடுப்பில் தண்ணீர் கொதிப்பதற்குள் ஒரு சுற்று, சின்னவள் வாய்ப்பாடு ஒப்பித்தபோது ஒரு சுற்று, மருத்துவமனை வராந்தாவில் எங்கள் எண்ணை அழைக்கும் வரை மீதி என்று ஒரு சதுரம் முழுதாக முடிந்தது. நூலின் இரு முனைகளையும் அன்றன்றே எதிரெதிர்த் திசையில் செருகிவிடுகிறேன். கடைசியில் 98 முனைகளை மொத்தமாகச் செருக உட்கார்ந்தால் போர்வையையே வெறுத்துவிடுவேன்.

மார்ச் 9, திங்கள்

மஞ்சள் நூல் போதாது. உருண்டையைச் சுற்றியிருக்கும் தாள்பட்டியில் நிற எண்ணுக்குக் கீழே சாயத் தொகுதி எண் என்று ஒன்று இருக்கிறது. நிற எண் ஒன்றாகவே இருந்தாலும் வேறு தொகுதியில் தோய்ந்த நூல் ஒரு சாயல் மாறிவிடலாம். விளக்கொளியில் தெரியாத அந்த வேறுபாட்டைப் பகல் வெளிச்சம் காட்டிக்கொடுத்துவிடும். நள்ளிரவில் விழித்துக்கொண்டு, அறிக்கையை நினைப்பதற்குப் பதிலாக அந்த எண்ணையே நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன்.

மார்ச் 10, செவ்வாய்

இந்த நேரத்தில் இது அவசியமா என்று அவர் கேட்டார். அவசியமில்லைதான்.

மார்ச் 13, வெள்ளி

மதியம் மருந்து சாப்பிட்ட பிறகும் அத்தைக்குத் தூக்கம் வரவில்லை. "கொடு, நான் ஒன்று போடுகிறேன்" என்று கையை நீட்டினார். நூலைச் சுண்டுவிரலில் இருமுறை சுற்றிக்கொண்டு, ஒவ்வொரு கண்ணியையும் இழுத்து நிறுத்திய பிறகே அடுத்ததற்குப் போகிறார். இத்தனை நாள் படுக்கையில் கிடந்த கையில் இவ்வளவு வலு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. என்னுடைய அதே 4 மி.மீ. ஊசி, அதே நூல், அதே எண்ணிக்கையில் சுற்றுகள்; அளந்து பார்த்தால் 13 செ.மீ. அப்படியே இணைத்தால் அக்கம்பக்கத்துச் சதுரங்களையும் இழுத்துச் சுருக்கி, போர்வை அந்த இடத்தில் குழிந்துவிடும். பிரிக்கவோ, கை இறுக்கம் என்று அவரிடம் சொல்லவோ இந்த வாரத்தில் எனக்கு மனம் வரவில்லை. வெள்ளை நூலில் குட்டைக் கண்ணியாக இரண்டு சுற்று கூட்டினேன், 15 வந்துவிட்டது. அடுத்ததற்கு ஒன்றும் சொல்லாமல் 5 மி.மீ. ஊசியைக் கொடுத்தேன். ஊசி தடித்திருக்கிறது என்று குறைபட்டுக்கொண்டே போட்டு முடித்தார். அது அளவாகவே வந்தது.

மார்ச் 14, சனி

குழந்தைக்கு ஒரு வயதாகும் வரை தூங்கும் இடத்தில் தளர்வான போர்வை எதுவும் கூடாது என்று மருத்துவர் சொன்னதாகத் தங்கை தொலைபேசியில் தயங்கித் தயங்கிச் சொன்னாள். மடியில் போட்டுக்கொள், தரையில் விரித்து விளையாட விடு என்றேன். விரல் மாட்டிக்கொள்ளும் என்பதால்தான் துளையில்லாத சதுரங்களாகவே போடுகிறேன் என்பதை அவளிடம் சொல்லவில்லை. சின்னவளுக்கோ, தான் பிறந்தபோது ஏன் யாரும் இப்படி ஒன்று பின்னவில்லை என்பதுதான் கேள்வி. அப்போது எனக்குப் பின்னத் தெரியாது என்ற பதிலை அவள் ஏற்கவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

மஞ்சள் கிடைத்தது, வேறு தொகுதியில். ஜன்னலோரம் வைத்துப் பார்த்தேன். புதியது சற்றே வெளுத்திருக்கிறது. புதிய சதுரங்களை ஒரே மூலையில் சேர்க்காமல் போர்வை முழுக்கச் சிதறவிட்டால், வேண்டுமென்றே செய்ததாகத் தோன்றும். பழையதிலும் புதியதிலும் மாறி மாறிப் போடலாம். இன்று வேறு எந்தக் கவலையையும் இப்படித் தீர்க்க முடியவில்லை.

மார்ச் 18, புதன்

ஒரு கண்ணிகூடப் போடவில்லை. துணி துவைத்தேன், அலமாரியை ஒழித்தேன், சின்னவளைக் காரணமில்லாமல் அதட்டினேன்.

மார்ச் 19, வியாழன்

நாளை காலை 10 மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அவர் விடுப்பு எடுத்திருக்கிறார். பழைய அறிக்கைகள், மருந்துச் சீட்டுகள், அத்தையின் கண்ணாடி எல்லாம் பையில் இருக்கின்றன. வெள்ளை நூலும் இரண்டு ஊசிகளும் வைத்திருக்கிறேன், 4 எனக்கு, 5 அத்தைக்கு. மஞ்சளை எடுத்துப் போவதில்லை. வராந்தா விளக்கில் எது பழையது, எது புதியது என்று பிரித்தறிய முடியாது.