கைக்குத் தெரியாத சூடு

பொள்ளாச்சிப் பக்கம் ரேக்ளா வண்டிப் பந்தயத்துக்கு ஓடும் குதிரைகளும், எல்லை தாண்டிக் கேரளத்தின் தத்தமங்கலத்தில் 'வேலை' என்னும் கோயில் திருவிழாவின் குதிரையோட்டத்துக்குப் பழக்கப்படும் குதிரைகளும் பெரும்பாலும் நொண்டத் தொடங்கிய பிறகுதான் மருத்துவர் கண்ணில் படுகின்றன. முன்னங்காலின் பின்புறம் ஓடும் தசைநாணில் அழற்சி தொடங்கினால், நொண்டல் தெரிவதற்குச் சில நாள் முன்பே, சில நேரம் இரண்டு வாரம் முன்பே, அந்த இடத்தின் தோல் சூடேறிவிடும். தேர்ந்த கைக்குக்கூட 2 டிகிரி அளவு வேறுபாடு இருந்தால்தான் உறுதியாகப் புலப்படும். "தடவிப் பாத்தேனுங்க, சூடு ஒண்ணும் இல்லீங்களே" என்று வளர்ப்பவர் சொல்வது பொய்யல்ல. தோலின் வெப்பத்தை வண்ணப் படமாக்கும் நல்ல தெர்மல் கேமராவோ டிகிரியில் இருபதில் ஒரு பங்கு வேறுபாட்டையும் பிரித்துக் காட்டும்.

ஆனால் இந்த வேலையில் கேமராவைவிட, படம் எடுப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரம் முக்கியமானது. பாலக்காட்டுக் கணவாய்ப் பகுதியில் அது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். சுற்றுப்புறம் 20 முதல் 25 டிகிரிக்குள் இருந்தால் படம் தெளிவாக வரும். இங்கே ஏப்ரல் பகல் 40 டிகிரியை நெருங்குகிறது. காற்றின் சூடு தோலின் சூட்டை எட்டிவிட்டால் வேறுபாடுகள் மங்கிப்போகும். வியர்வை ஆறும் இடங்கள் வேறு குளிர்ந்து தெரிந்து ஏமாற்றும். அதனால் கோடையில் விடிவதற்கு முன்பே எடுத்து முடிப்பது நல்லது.

வெயிலைவிடக் காற்று பெரிய எதிரி. மார்கழி, தையில் கிழக்கிலிருந்தும் ஆடியில் மேற்கிலிருந்தும் கணவாய்க்குள் காற்று அடிக்கிறது. காற்றுப்படும் பக்கத்துக் கால் குளிர்ந்து, மறுபக்கக் கால் சூடாகத் தெரியும். அதை நோய் என்று படித்துவிட்டால் நல்ல காலுக்கு மருத்துவம் நடக்கும். மூன்று பக்கம் அடைத்த கொட்டகை கிடைக்காவிட்டால் தார்ப்பாய் கட்டி மறைத்துக்கொள்ள வேண்டும். சந்தேகம் வந்தால் குதிரையைத் திருப்பி நிறுத்தி, சிறிது நேரம் விட்டு மறுபடி எடுக்கலாம். சூடு அதே காலிலேயே இருந்தால் அது உண்மையான சூடு.

குதிரை அந்த இடத்தில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் அசையாமல் நிற்க வேண்டும். ஓடி வந்த குதிரை என்றால் குறைந்தது இரண்டு மணி நேரம் ஆற விட வேண்டும். குளிப்பாட்டியிருக்கக் கூடாது, மண்ணை முன்கூட்டியே உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிட வேண்டும். மஞ்சள் பத்து, வேப்பெண்ணெய், வலி தைலம் எதுவும் காலில் இருக்கக் கூடாது. கட்டுத்துணியை இரண்டு மணி நேரம் முன்பே அவிழ்க்க வேண்டும். தளைக்கயிறு கட்டியிருந்த இடத்தில் வளையம் போல ஒரு சூட்டுப் பட்டை நெடுநேரம் நிற்கும். புதிதாக வருபவர்கள் முதலில் தடுமாறுவது இதில்தான். வெள்ளையும் கறுப்பும் கலந்த குதிரையை வெயிலில் எடுத்தால் கறுப்புத் திட்டுகள் சூடாகக் காட்டும். நிழலில் ஆறிய பிறகு நிறம் ஒரு பொருட்டே அல்ல.

கேமராவைப் பத்து நிமிடம் முன்பே போட்டுவைத்து, எமிசிவிட்டியை (ஒரு பரப்பு வெப்பத்தை எவ்வளவு வெளிவிடுகிறது என்பதற்கான அளவை) 0.98-இல் வைக்கவும். காலுக்கு ஒரு மீட்டர் தூரம், முதுகுக்கு இரண்டு மூன்று மீட்டர், முடிந்தவரை நேர்கோணம். வண்ண அளவுகோலைத் தானியங்கியில் விடவே கூடாது. விட்டால் அரை டிகிரி வேறுபாடும் தீப்பிடித்ததுபோலச் சிவந்து நிற்கும். எல்லாப் படங்களுக்கும் ஒரே மேல், கீழ் எல்லையைப் பூட்டி வையுங்கள். பல கேமராக்களில் காட்டும் எண் 2 டிகிரி வரை பிசகலாம். ஒரே படத்தில் இரு கால்களுக்கு இடையே உள்ள வேறுபாட்டைத்தான் நம்ப வேண்டும். ஒரே நிலையில் நிற்கும் இடது, வலது கால்களின் ஒரே இடத்தில் 1 டிகிரிக்கு மேல் வேறுபாடு இருந்தால் அந்த இடத்தைச் சோதிக்க வேண்டும்.

குளம்பில் தோலும் குளம்பும் சேரும் மேல்விளிம்புதான் இயல்பாகவே சூடானது. குளம்புச் சுவரைவிட 1 முதல் 2 டிகிரி கூடுதலாக இருக்கும். லேமினைட்டிஸில் (தீனி மிஞ்சினாலும் வரும் குளம்பின் உள்ளழற்சியில்) சுவரும் சூடேறி அந்த வேறுபாடு மறைந்துவிடுகிறது. பந்தயத்துக்கு முன் கொள்ளையும் தானியத்தையும் அள்ளிப் போடும் வழக்கம் உள்ள ஊர்களில் இதை நான்கு குளம்பிலும் தவறாமல் பார்க்க வேண்டும். லாடம் அடித்த சில நாளில் ஒரே குளம்பின் ஒரு பக்கம் மட்டும் சூடானால், ஆணி உயிர்ச்சதையை நெருங்கியிருக்கலாம். பளபளக்கும் லாட இரும்பின் மேல் கேமரா காட்டும் எண்ணைக் கணக்கில் எடுக்காதீர்கள். அது சுற்றியுள்ள பொருள்களின் வெப்பத்தைத் திருப்பிக் காட்டும்.

நல்ல தசைநாண் நடுவில் குளிர்ந்தும் இரு மூட்டுகளை நெருங்க நெருங்கச் சூடாகியும் இருக்கும். நடுவில் சூட்டுத் திட்டு வந்தால் ஓட்டத்தை அன்றே நிறுத்திவிட்டு அல்ட்ராசவுண்டு எடுக்க வேண்டும். குளிர்ந்த திட்டும் நோய்க்குறியாகலாம்: நீர் கோத்த வீக்கம், நரம்புச் சேதம், ரத்த ஓட்டக் குறைவு. சூட்டை மட்டும் தேடுபவர் கண்ணுக்கு இவை தப்பிவிடும்.

வண்டிக் குதிரைகளுக்கு மார்புப் பட்டையும் முதுகுச் சேணமும் அழுத்தும் இடங்களை, ஓடி முடித்து அவிழ்த்த கையோடு எடுப்பது தனி முறை. அப்போது சேணத்தின் அடிப்புறத்தையும் படம் எடுங்கள். இருபக்கமும் ஒன்றுபோல் இல்லை என்றால் புண் வருவதற்கு முன்பே திணிப்பைச் சரிசெய்துவிடலாம்.

நொண்டும் குதிரையின் ஒரு படத்தைவிட, நன்றாக இருக்கும்போது எடுத்து வைத்த அதே குதிரையின் படங்கள் பயனுள்ளவை. சில குதிரைகளுக்குப் பழைய தழும்பாலோ முடி உதிர்ந்த இடத்தாலோ எப்போதுமே இருபக்கமும் ஒத்துவராது. தேதி, நேரம், கொட்டகை வெப்பம், காற்று ஆகியவற்றைப் படத்தோடு எழுதி வைத்தால்தான் மூன்று மாதம் கழித்து ஒப்பிட முடியும்.

படம் சூட்டைத்தான் காட்டும். எந்த இழை அறுந்தது என்று சொல்லாது. நாமக்கல், உடுமலை, மண்ணுத்தி கால்நடை மருத்துவக் கல்லூரிகளுக்குக் குதிரையைக் கொண்டுபோகும்போது படத்தையும் கொண்டுபோங்கள். எங்கே தேட வேண்டும் என்பது மருத்துவருக்கு உடனே தெரியும். சிகிச்சைக்குப் பிறகு சூடு தணிந்து இரு காலும் ஒன்றுபோல் தெரிந்தாலும், தசைநாண் இழைகள் சேர அதற்கப்பால் மாதக்கணக்காகும். அல்ட்ராசவுண்டில் இழைகள் சீராகத் தெரியும்வரை குதிரையை வண்டியில் பூட்ட வேண்டாம்.