கடலுக்குள் ஒளித்த மகன்

கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் அந்தச் சின்னக் கோயில் இருக்கிறது. பெரிய கோபுரம் ஒன்றும் கிடையாது. ஓட்டுக் கூரை போட்ட மண்டபம், ஒரு மணி, மதிலுக்கு அப்பால் ரயில் பாதை, அதற்கும் அப்பால் கடல். போன வருடம் கந்தசஷ்டி ஆறு நாளும் மனைவி விரதம் பிடித்தாள். பின்னேரம் அவளைக் கொண்டுபோய் விடுவதும் திரும்பக் கூட்டிவருவதும் என் வேலை. அவள் உள்ளே போக, நான் வெளித்திண்ணையில் இருந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

கோயிலுக்கே போகாதவன் என்று என்னைச் சொல்ல முடியாது. வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் வந்தால் கொட்டாஞ்சேனைப் பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலுக்கு நான்தான் கூட்டிப்போவேன். 1857இல் பொன்னம்பல முதலியார் கட்டியது. பிறகு மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லில் திருப்பிக் கட்டுவித்து 1912இல் குடமுழுக்குச் செய்வித்தது. வெயிலுக்குள் இருந்து அந்தத் தூண்களுக்கு நடுவே கால் வைத்தால் உள்ளங்காலில் ஏறும் குளிர்ச்சி ஒன்று போதும். சிற்பம், கணக்கு, கல்வேலை எல்லாம் விளக்குவேன். கும்பிட மட்டும் மாட்டேன். கல்லுக்கு மரியாதை உண்டு, கதைக்கு இல்லை என்பது என் கட்சி.

வெள்ளவத்தைக் கோயிலில் கல் இல்லை, கதைதான் இருந்தது. சஷ்டி நாட்களில் அங்கே புராண படிப்பு நடக்கும். யாழ்ப்பாணத்துக் கோயில்களின் பழைய முறை அது: ஒருவர் கந்தபுராணப் பாட்டை இராகத்தோடு படிப்பார், பக்கத்தில் இருப்பவர் பயன் சொல்லுவார். இங்கே படித்தது உயர்தரம் படிக்கும் ஒரு பிள்ளை. பயன் சொன்னவர் எண்பதைத் தாண்டிய ஒரு ஐயா. முன்னாள் ஆசிரியராம். பெயரை நான் கேட்கவில்லை. எல்லோருக்கும் அவர் ஐயாதான்.

முதல் நாள் அவர் எடுத்தது நூல் அரங்கேறிய கதை. காஞ்சிபுரம் குமரகோட்டத்தில் கச்சியப்ப சிவாசாரியார் 'திகட சக்கர' என்று தொடங்க, முதல் சொல்லிலேயே தகராறு. திகழ், தசம் இரண்டும் சேர்ந்தால் திகடசம் என்று வருவதற்கு எந்த இலக்கணத்தில் இடம் என்று ஒருவர் மறித்தாராம். மறுநாள் சோழநாட்டுப் புலவர் ஒருவர் வீரசோழியம் என்ற இலக்கண நூலோடு வந்து விதியை எடுத்துக் காட்டினார். வந்தவர் முருகன். ஐயா அந்த மறித்தவராகவே மூக்கைச் சுழித்தார், அப்புறம் கச்சியப்பராகி வியர்த்தார். புணர்ச்சி விதிக்குக் கடவுள் சாட்சி சொல்ல வருவாரா என்று நான் திண்ணையில் சிரித்தேன். ஆனால் போனில் என்ன பார்த்தேன் என்று அன்றிரவு யோசித்தால் ஒன்றும் ஞாபகமில்லை.

இரண்டாம் நாள் என்னைக் கண்டுவிட்டார். "தம்பி, வெளியிலை இருந்தால் நுளம்பு கடிக்கும். உள்ளுக்கு வந்து இருந்து நம்பாமல் இருங்கோ."

மண்டபம் சிரித்தது. நானும்தான். தூணோரமாய்ப் போய் இருந்தேன்.

அவருடைய கெட்டித்தனம் எங்கே என்று கவனித்தேன். குரல் கரகரப்பு. கையை வீசமாட்டார். ரயில் வரும்போதுதான் அவருடைய வித்தை. காலிப் பக்கம் போகிற ரயில் தூரத்தில் கேட்டதும் கதையை ஒரு விளிம்புக்குக் கொண்டுபோய் நிறுத்திவிடுவார். ரயில் தடதடத்துப் போய் முடியும்வரை நாங்கள் எல்லோரும் அந்த விளிம்பில் தொங்குவோம்.

மூன்றாம் நாள் பாட்டுக்கு முன்பே வேறு பக்கம் போனார். கொழும்பில் ஆடிவேல் விழா எப்படி வந்தது தெரியுமா என்று கேட்டார். கொலரா பரவுகிறது என்று வெள்ளைக்காரன் கதிர்காம யாத்திரையைக் கட்டுப்படுத்திய காலம். போக முடியாதவர்களுக்காக வேல் தானே தேரேறி, செட்டியார் தெருக் கதிரேசன் கோயிலில் இருந்து பம்பலப்பிட்டி வரைக்கும் புறப்பட்டது. 1874 தொடக்கம் என்று சொல்லுவார்கள். "போகேலாத ஊருக்குப் பதிலாய் இருந்த இடத்திலை செய்யிறது. கொழும்பிலை எங்கடை சமயமே அதுதானே" என்றார். நல்ல சமூகவியல் என்று நினைத்துக்கொண்டேன். அப்படித்தான் நினைத்தேன்.

நான்காம் நாள் இரணியன் வந்தான். பிரகலாதனின் தகப்பன் இல்லை, சூரபத்மனின் மகன். எனக்குச் சூரனைத் தெரியும், அவன் மகன் பானுகோபனைத் தெரியும். சூரன் போரில் தலை மாற்றுவதைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு மகன் இருந்தது தெரியாது. சண்டை வேண்டாம், வந்திருப்பது சின்னப் பிள்ளை இல்லை என்று தகப்பனுக்குச் சொல்லிப் பார்க்கிறான். தகப்பன் சீறுகிறான். சரி, போகிறேன் என்று களத்துக்குப் போகிறான். மாயமெல்லாம் செய்து பார்த்தும் முடியவில்லை.

ஐயா குரலைத் தாழ்த்தினார். "அவனுக்கு விளங்கிவிட்டுது. அண்ணன் தம்பி ஒருத்தரும் மிஞ்சப்போறதில்லை. அப்பரும் போகப்போறார். எல்லாரும் செத்தால் அப்பருக்குக் கடன் கழிக்க ஆர் இருக்கினம்? அந்த ஒரு நினைப்பிலை மீனாய் மாறிக் கடலுக்குள்ளை போய் ஒளிச்சான். ஊர் அவனைப் பயந்தாங்கொள்ளி எண்டுதான் சொல்லியிருக்கும்."

ரயில் வந்தது. போன பிறகும் அவர் தொடரவில்லை. புத்தகத்தை மஞ்சள் துணியில் சுற்றிவிட்டார். மதிலுக்கு அப்பால் கடல் இரைந்துகொண்டிருந்தது.

2006 ஓகஸ்டில் யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 தரைப்பாதை போரால் பூட்டியது. அந்த வருடக் கடைசியில் யாழ்ப்பாணத்தில் அப்பா போய்விட்டார். நான் வெள்ளவத்தையில் இருந்தேன். விமானத்துக்கும் கப்பலுக்கும் பெரிய வரிசை என்று எல்லோருக்கும் சொன்னேன். அது உண்மைதான். அந்த வரிசையில் நான் பெயரே கொடுக்கவில்லை என்பதை ஒருவருக்கும் சொல்லவில்லை. பயம். சித்தப்பாவின் மகன் கொள்ளி வைத்தான். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையும் அவன்தான். கொழும்பு முகத்துவாரத்திலாவது போய்ச் செய் என்று அம்மா தொலைபேசியில் கெஞ்சியபோது, எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்று சொன்னேன். அந்த வயதில் அது நேர்மை போலத் தோன்றியது. இரணியனாவது ஒரு காரியத்துக்காக ஒளித்தான்.

அன்றிரவு நித்திரை இல்லை. ஐயாவுக்கு என் கதை தெரியாது என்று மனைவி மூன்று தரம் சொன்னாள்.

ஐந்தாம் நாள் சூரனின் தம்பி சிங்கமுகன் விழுந்தான். ஆறாம் நாள் சூரன் போர், சனக்கூட்டம், சூரன் மாமரமாகி வேல் பிளந்து மயிலும் சேவலும் ஆனது, அரோகரா. எனக்கு எதுவும் மனதில் ஏறவில்லை. மீன் எப்போது கரைக்கு வரும் என்றுதான் காத்திருந்தேன். வரவில்லை.

மறுநாள் பாரணை. விரதக்காரர் சாப்பிட்டுப் போய்விட்டார்கள். புராணத்தை அப்படியே விடக்கூடாது என்று ஐயா பின்னேரம் மிச்சத்தைப் படிக்க வைத்தார். ஏழு பேர் இருந்தோம். அன்று மனைவி வரவில்லை, நான் மட்டும் போயிருந்தேன். சூரன் மனைவி பதுமகோமளை உயிர் விட்டதைச் சொன்னார். அதற்குப் பிறகு இரண்டே வசனம்: கடலுக்குள் இருந்தவன் கரையேறினான், தகப்பனுக்கும் சுற்றத்துக்கும் செய்யவேண்டியதைச் செய்தான். எந்த அலங்காரமும் இல்லை. இத்தனை நாள் விளிம்பில் தொங்கவிட்ட மனிதர் இதை ஒரு செய்தி மாதிரிச் சொல்லிவிட்டுப் போனது எனக்கு ஏமாற்றம்.

முடிந்ததும் பக்கத்தில் போனேன். அவரை மடக்கிவிட வேண்டும் என்ற எண்ணமும் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன்.

"ஐயா, சூரன்தான் மயிலும் சேவலுமாய்ப் போட்டானே. உடம்பே இல்லை. பிறகு எதை வைத்துக் கடன் கழித்தான்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உடம்பு கிடைச்ச ஆக்களுக்கு மட்டுமே தம்பி கடன்? அப்பிடிப் பார்த்தால் எங்கடை சனத்திலை எத்தினை பேருக்குச் செய்யேலாது."

அவருக்கு யார் இல்லாமல் போனார்கள் என்று கேட்கத் துணிவு வரவில்லை. பிரசாதப் பையைக் கையில் தந்தார். கதவைப் பூட்ட உதவி செய்தேன்.

மாமரம் இரண்டானதை நான் இப்போதும் நம்பவில்லை. மனைவியோடு இதில் வாக்குவாதம் தொடர்கிறது. ஆனாலும் இந்த ஆடி அமாவாசைக்கு விடியப்புறம் ஓட்டோ பிடித்து முகத்துவாரம் போனேன். அப்பா இல்லாதவர்களின் நாள் அது. யாழ்ப்பாணத்தில் என்றால் கீரிமலைக்குப் போவார்கள். களனி கங்கை கடலில் விழும் இந்த இடம் கொழும்பாருக்குக் கீரிமலை. மணலில் வரிசையாய் ஐயர்மார், வாழையிலை, எள்ளு, தர்ப்பை, பச்சையரிசி. கரையெல்லாம் ஈர வேட்டிகள். எனக்கு முன்னால் இருந்த பெடியனுக்கு இருபது வயதுகூட இராது.

தர்ப்பையை விரலில் போட்டுவிட்டு ஐயர் தகப்பனார் பெயரைக் கேட்டார். சொன்னேன். அலைச் சத்தத்தில் விழவில்லைப் போல.

"பெலத்துச் சொல்லுங்கோ" என்றார்.

சொன்னேன்.