நீதானே அப்போ வித்தே?

"மாட்டுக்கு முழு பாட்டில் வித்தவன் நீ. இப்போ என் நாய்க்குப் பத்து மாத்திரை தர மாட்டேங்கிற?"

கேட்டவர் தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே டொங்காட் பக்கம் இரண்டு மாடும் கொஞ்சம் ஆடும் வைத்திருக்கும் ஒரு அங்கிள். கேள்வி நியாயமானது. இந்தக் கால்நடை கிளினிக்குக்கு வருவதற்கு முன் ஒரு விவசாயப் பொருள் கடையில் ஆறு வருஷம் கவுன்டரில் நின்றேன். ஆக்ஸிடெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் ஊசி மருந்தை அவருக்கு எத்தனையோ முறை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். மருத்துவர் சீட்டு கேட்டதே இல்லை. இப்போது அவர் கேட்பது அதே குடும்பத்து மருந்துதான், டாக்ஸிசைக்ளின். முன்பு வைத்திருந்த நாய்க்கு உண்ணிக் காய்ச்சல் வந்தபோது அதில்தான் குணமானதாம். மருத்துவர் நாயைப் பார்க்காமல் தர முடியாது என்றேன். முகம் சுருங்கிவிட்டது.

தென்னாப்பிரிக்காவில் விலங்கு மருந்துக்கு இரண்டு சட்டங்கள். ஒன்று 1947ஆம் ஆண்டின் 36ஆம் எண் சட்டம். நிறவெறி ஆட்சி வருவதற்கு ஒரு வருஷம் முந்தியது. உரம், தீவனம், பூச்சிமருந்து, கால்நடை மருந்து எல்லாம் அந்த ஒரே சட்டத்துக்குள் அடக்கம். பொறுப்பு விவசாயத் துறையுடையது. அதன்கீழ் பதிவான பாட்டிலில் 'ஜி' என்ற எழுத்தோடு ஒரு எண் இருக்கும். அதை யாரும் வாங்கலாம். நான் கடையில் விற்ற ஊசி மருந்து இந்த வகை. இரண்டாவது 1965ஆம் ஆண்டின் 101ஆம் எண் சட்டம். மனிதருக்கான மருந்தை ஆளும் சட்டமும் இதுவே. இதில் மருந்துகளை அட்டவணை போட்டுப் பிரித்திருக்கிறார்கள். இதன்கீழ் பதிவான ஆன்டிபயாட்டிக் நான்காம் அட்டவணை. டாக்ஸிசைக்ளின் இதில்தான். விலங்கைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்ட மருத்துவர் எழுதினால்தான் அது அலமாரியை விட்டு இறங்கும். டாக்டர் பக்கத்தில் இல்லாத பண்ணைக்காரன், மாடு சாகும்வரை காத்திருக்க முடியாது என்பது முதல் சட்டத்தின் கணக்கு. அந்தக் கணக்கைத் தப்பென்று சொல்ல எனக்கு வாய் வராது. மலையடிவாரத்திலிருந்து பக்கியில், அதாவது பிக்கப் வண்டியில், மூன்று மணி நேரம் ஓட்டிக்கொண்டு வந்தவர்களுக்கு நான் மருந்து விற்றிருக்கிறேன்.

ஆனால் ஒரு மருந்து எந்தச் சட்டத்தில் பதிவாகியிருக்கிறது என்பதை வைத்து அது எவ்வளவு ஆபத்தானது என்று சொல்லிவிட முடியாது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு அந்த அங்கிளின் நாய் தேவைப்பட்டது.

அரை மனதோடு நாயைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஈறு வெளுத்துக் கிடந்தது. டாக்டர் காது நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தேய்த்து, சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். சிவப்பணுவுக்குள் ஜோடி ஜோடியாகப் பேரிக்காய் வடிவத்தில் ஒட்டுண்ணி. பிலியரி! நாயின் சிவப்பணுவை அழிக்கும் நோய். இதுவும் உண்ணி கடித்து வருவதுதான், ஆனால் அங்கிள் நினைத்த உண்ணிக் காய்ச்சல் இல்லை. பத்து மாத்திரையைக் கேட்டபடி கொடுத்திருந்தால் நாய்க்குப் பெரிதாகக் கெடுதல் ஒன்றும் வந்திருக்காது. மாத்திரை தீர்வதற்குள் நாய் தீர்ந்திருக்கும், அவ்வளவுதான்.

இதற்குப் போடும் டிமினசீன் ஊசி, மாட்டுக்கு ரெட்வாட்டர் என்ற உண்ணி நோய் வந்தால் போடும் அதே மருந்து. சீட்டில்லாமல் கிடைப்பது. நாய்க்குக் கிலோவுக்கு 3.5 மில்லிகிராம்; அளவு கூடினால் மூளையைத் தாக்கும். டாக்டர் நாயை எடைபோட்டுவிட்டு, சிரிஞ்சைக் கண்ணுக்கு நேரே பிடித்து இரண்டு முறை சரிபார்த்தார். பின்னால் நின்ற அங்கிள், "இது என் வீட்டு ஃபிரிஜ்ஜிலேயே இருக்கே தம்பி" என்றார். ஆபத்துக் குறைந்த மாத்திரையை நான் தர மறுத்தேன். ஆபத்தானது அவர் வீட்டில் மோர்ப் பானைக்குப் பக்கத்தில் இருந்தது. இரண்டுமே சட்டப்படி சரி.

2021 ஜனவரியில் கடையில் இருந்தபோதும் இப்படி ஒரு கூத்து. கோவிட்டுக்கு ஐவர்மெக்டின் என்ற ஒட்டுண்ணி மருந்தைக் கேட்டு, வாழ்நாளில் ஆடு மாட்டைத் தொட்டிராதவர்கள் வரிசையில் நின்றார்கள். "எத்தனை மாடு?" என்று கேட்டால் கூரையைப் பார்ப்பார்கள். மாட்டு ஊசி மருந்து 50 கிலோ எடைக்கு ஒரு மில்லி. இந்த ஒரு வரியை மனப்பாடம் செய்துகொண்டு வந்தவர்களும் உண்டு. அந்த மாதக் கடைசியில்தான் மனிதருக்குக் கட்டுப்பாட்டோடு கொடுக்க மருந்து ஒழுங்குமுறை ஆணையம் அனுமதித்தது. அதுவரை நான் கேள்வி கேட்டே ஆட்களைத் துரத்தினேன். பாட்டிலில் 'விலங்குகளுக்கு மட்டும்' என்று ஆங்கிலத்திலும் ஆப்பிரிக்கான்ஸிலும் போட்டிருந்தது. மாடு மேய்க்கிற ஆள் படிக்கும் ஜூலுவில் இல்லை. தமிழைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

லேபிள் என்றதும் தைப்பூசம் ஞாபகம் வருகிறது. அதே அங்கிள்தான். அவர் வீட்டுப் பசும்பாலில்தான் கோயிலுக்கு நாலைந்து பால்குடம் போகும். ஒரு வருஷம் காவடிக்கு இரண்டு நாள் முன்னால் கடைக்கு வந்து, மாட்டுக்குக் கால் வீங்கியிருந்ததாகவும் நான் கொடுத்த ஊசியைப் போட்டதில் சுகமாகிவிட்டதாகவும் சந்தோஷமாகச் சொன்னார். "எப்போ போட்டீங்க அங்கிள்?" "நேத்து." ஊசி போட்டபின் எத்தனை நாள் பாலை எடுக்கக் கூடாது என்பது லேபிளில் இருக்கிறது, எறும்பு எழுத்தில். அவர் கண்ணாடி இல்லாமல் படிக்க மாட்டார். விற்றபோது நானும் வாய் திறக்கவில்லை.

"சாமி தலையிலதானே ஊத்தப் போறோம்?"

"அப்புறம் அதைப் பிள்ளைங்க கையில ஊத்துவாங்களே அங்கிள். பென்சிலின் ஆகாத பிள்ளை மாதிரி இந்த மருந்து ஆகாததும் ஒண்ணு இருக்கும்."

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். சாயங்காலம் கடையைப் பூட்டும்போது அவருடைய பக்கி எதிரே நின்றது. பின்னால் சூப்பர்மார்க்கெட் பால் பெட்டி பெட்டியாக. கண்ணாடியை இறக்கி, "இந்த வருஷம் முருகனுக்கு டப்பாப் பால்தான்" என்றார். சிரித்தாரா திட்டினாரா என்று எனக்கு இன்னும் தெரியாது.