சிறைத்துறையில் தொடங்கிய பயணம்

பிரெஞ்சு அரசியல்வாதி சிமோன் வெய் என்றதும் எல்லோரும் 1974 நவம்பர் 26 அன்று, சுகாதார அமைச்சராக, கருக்கலைப்பைச் சட்டப்படி அனுமதிக்கக் கோரிப் பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் அவர் ஆற்றிய உரையிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். அரசு அலுவலகத்தில் கோப்புகளோடு காலம் தள்ளிய எனக்கு, அதற்கு முந்தைய ஆண்டுகள்தான் பெரிதாகப் படுகின்றன.

யூதர் என்பதால் பதினாறு வயதில் நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்குக் கொண்டுபோகப்பட்டவர். அம்மா, அப்பா, அண்ணன் மூவரையும் பறிகொடுத்துத் திரும்பினார். வழக்கறிஞராக ஆசைப்பட்டார்; கணவருக்கு அதில் விருப்பமில்லை. கடைசியில் நீதித்துறைத் தேர்வு எழுதுவதென்று முடிவானது. பதிவு செய்யப் போன இடத்திலும், கைக்குழந்தைக்காரிக்கு வேலை எதற்கு என்று அறிவுரை சொன்னார்கள்.

1957-ல் சிறை நிர்வாகத்தில் சேர்ந்து ஏழு ஆண்டுகள் வேலை பார்த்தார். ஊர் ஊராகப் போய்ச் சிறைகளைப் பார்வையிட வேண்டும், அறிக்கை எழுத வேண்டும், மேலிடம் அசையும்வரை விடாமல் கேட்க வேண்டும். பிரான்ஸின் ஆட்சியிலிருந்து விடுதலை கேட்டு அல்ஜீரியப் போர் நடந்த காலம் அது. அங்குள்ள சிறைகளைப் பார்த்துவர நீதி அமைச்சர் எட்மோன் மிஷ்லே இவரை அனுப்பினார். மிஷ்லேயும் டாஹாவ் என்ற நாஜி முகாமிலிருந்து உயிரோடு மீண்டவர். யாரை அனுப்புகிறோம் என்று தெரிந்தேதான் அனுப்பியிருப்பார் என்று நம்புகிறேன். சிமோனின் முயற்சியால் அல்ஜீரியப் பெண் கைதிகள் பிரான்ஸுக்கு மாற்றப்பட்டார்கள். அந்தப் பெண்களுக்கு அது உயிர்ப் பிரச்சினை. இவருக்குக் கைதட்ட அங்கே யாருமில்லை.

1974-ல் கருக்கலைப்பு மசோதாவோடு அவர் நின்ற அவையில் 481 ஆண்கள், 9 பெண்கள். ஆண்டுக்கு மூன்று லட்சம் பெண்கள் திருட்டுத்தனமாகக் கருவைக் கலைக்க நேர்கிறது என்று எடுத்துச் சொன்னார். முகாமிலிருந்து வந்தவரின் முகத்துக்கு நேரே, கருக்களை எரியுலையில் போடுவது பற்றிப் பேசினார் ஓர் உறுப்பினர். படிக்கும்போதே நெஞ்சு பதைக்கிறது. மசோதா 284-க்கு 189 என்று நிறைவேறியது. சிறைக்கூடங்களில் ஏழைப் பெண்களின் நிலையைக் கண்ணால் பார்த்தவர் என்பதால்தான் அவ்வளவு உறுதியாக நிற்க முடிந்தது என்பது என் எண்ணம்.

1979 ஜூலையில், மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த முதல் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்குத் தலைவரானார். அலங்காரப் பதவி என்றுதான் பலரும் நினைத்திருந்தார்கள். டிசம்பரிலேயே அந்த அவை, உறுப்பு நாடுகளின் அரசுகள் அனுப்பிய பட்ஜெட்டை 288-க்கு 64 என்று நிராகரித்தது. வரலாற்றில் அதுவே முதல் முறை. 1980 ஜூலையில் புதிய பட்ஜெட் நிறைவேறும்வரை, முந்தைய ஆண்டுத் தொகையில் பன்னிரண்டில் ஒரு பங்கை மாதாமாதம் எடுத்துத்தான் ஐரோப்பியச் சமூகம் (இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடி) செலவை ஓட்ட வேண்டியிருந்தது.